தலையில் அடிபட்ட பிள்ளை மறுபடி களமிறங்கலாமா... முடிவை யார் எடுப்பது?

2021 ஜனவரியில் நடந்த சிட்னி டெஸ்ட் நினைவிருக்கிறதா? கடைசி நாளில் அஷ்வினும் ஹனுமா விஹாரியும் உடம்பெல்லாம் வலியோடு நின்று டிரா செய்தார்களே, அதே மேட்ச். அதன் முதல் நாளில் ஆஸ்திரேலியாவுக்காக ஒரு 22 வயது இளைஞர் ஓப்பனிங் இறங்கினார். பெயர் வில் புகோவ்ஸ்கி. அஷ்வின் பந்தில் அவர் கொடுத்த கேட்ச்சை ரிஷப் பன்ட் விட்டார். சிராஜ் பந்தில் இன்னொன்றையும் விட்டார். நம் வீட்டு டி.வி முன்னால் பன்ட்டுக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் 62 ரன்னில் நவ்தீப் சைனி அவரை எல்.பி.டபிள்யூ ஆக்கினார்.

அது புகோவ்ஸ்கியின் முதல் டெஸ்ட். கடைசி டெஸ்ட்டும் அதுதான்.

2025 ஏப்ரலில், 27 வயதில், இனி எந்த மட்டத்திலும் கிரிக்கெட் ஆடப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். ஃபார்ம் போய்விட்டதா என்றால், இல்லை. 36 முதல்தர மேட்ச்களில் 2,350 ரன், சராசரி 45.19, ஏழு சதங்கள். காரணம், தலை. சின்ன வயதிலிருந்து 13 முறை அவருக்கு 'கன்கஷன்' ஆகியிருப்பதாகச் சொல்லப்படுகிறது. தமிழில் மூளை அதிர்வு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் முதல் பெரிய அடி, கிரிக்கெட்டில் பட்டதுகூட இல்லை. பள்ளி நாள்களில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடும்போது பட்டது. அதற்கே அவர் மாதக்கணக்கில் ஸ்கூலுக்குப் போக முடியாமல் இருந்திருக்கிறார்.

அவருடைய கதையைப் படிக்கும்போது யாருக்கும் ஒரு கேள்வி வரும். 13 வரை ஏன் விட்டார்கள்? ஐந்தில் நிறுத்தியிருக்கக் கூடாதா, மூன்றில்?

எண்ணைப் பிடித்துக்கொண்டு கேட்கும் அந்தக் கேள்வியில்தான் சிக்கலே இருக்கிறது. அதற்கு முன்னால், கன்கஷன் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம்.

தூக்குவாளியும் தயிரும்

ஒரு தூக்குவாளி நிறையத் தயிர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறீர்கள். டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். வாளி எங்கேயும் இடிக்கவில்லை, நசுங்கவும் இல்லை. ஆனால், வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் தயிர் கலங்கிப்போயிருக்கிறது. கன்கஷனும் ஏறக்குறைய இப்படித்தான். மண்டை ஓட்டுக்கு உள்ளே மூளை சட்டென்று குலுங்குகிறது, சுழல்கிறது. அந்த நொடியில் நரம்பு செல்களின் வேலை தடுமாறுகிறது. செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்க வேண்டிய உப்புகளின் கணக்கு தப்பி, அதைச் சரிசெய்யவே மூளை தன் சக்தியையெல்லாம் செலவழிக்கிறது. அந்த நாள்களில் மூளை பலவீனமாக இருக்கும்.

ஹெல்மெட் என்ன செய்யும்? வாளியைக் காப்பாற்றும். மண்டை உடையாமல் பார்த்துக்கொள்ளும். அதற்காகவே அதைக் கட்டாயம் போட வேண்டும். ஆனால், தயிர் கலங்குவதை அதனால் முழுசாகத் தடுக்க முடியாது. 'ஹெல்மெட் போட்டுத்தானே ஆடுறான்' என்று நிம்மதியாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு நிம்மதி வார்த்தை, 'ஸ்கேன் நார்மல்'. சி.டி ஸ்கேன் எடுப்பது மூளைக்குள் ரத்தக்கசிவோ, எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்க. கன்கஷன் அதில் தெரியாது. ஸ்கேன் நார்மலாக இருந்தும் பிள்ளைக்குத் தலைவலி இருக்கலாம், வெளிச்சம் கண்ணைக் கூசலாம், படித்தது மனதில் நிற்காமல் போகலாம், காரணமில்லாமல் எரிந்து விழலாம். மயக்கம் போட்டு விழுந்தால்தான் கன்கஷன் என்பதும் தவறு. பெரும்பாலான கன்கஷன்களில் நினைவு தப்புவதே இல்லை.

அறிகுறிகள் உடனே வர வேண்டும் என்றும் இல்லை. 2019 லார்ட்ஸ் டெஸ்ட்டில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனைகளில் தேறி, திரும்பி வந்து பேட்டிங்கூட செய்தார். மறுநாள் காலையில் எழுந்தபோதுதான் மந்தமாக உணர்ந்தார். மேட்ச்சிலிருந்து விலக்கப்பட்டார், அடுத்த டெஸ்ட்டிலும் ஆடவில்லை. உலகின் சிறந்த டாக்டர்கள் பவுண்டரி ஓரத்தில் நிற்கும் இடத்திலேயே இப்படி. பி.டி சார் ஒருவர் மட்டும் விசில் ஊதிக்கொண்டிருக்கும் ஸ்கூல் கிரவுண்டை யோசித்துப் பாருங்கள்.

ஒரே வாரத்தில் மூன்று மேட்ச்

இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கனடாவின் ரோவன் ஸ்ட்ரிங்கரைக் கடந்து போக முடியாது. ஒட்டாவாவில் பள்ளி மாணவி, 17 வயது. ஸ்கூல் ரக்பி டீமின் கேப்டன். 2013 மே மாதத்தின் முதல் வாரத்தில், ஆறே நாள்களுக்குள் மூன்று மேட்ச் ஆடினாள். முதல் இரண்டு மேட்ச்களிலுமே தலையில் அடி. தலைவலி இருந்தது. தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்ற சந்தேகமும் அவளுக்கு இருந்தது. அதைப் பற்றி இன்டர்நெட்டில் தேடிப் பார்த்திருக்கிறாள். தோழிகளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அம்மா அப்பாவிடமோ, கோச்சிடமோ சொல்லவில்லை.

மூன்றாவது மேட்ச்சில் டேக்கிள் ஆகி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனாள். அது அன்னையர் தினம்.

முதல் அடியிலிருந்து மூளை மீள்வதற்குள் இன்னொரு அடி பட்டால், மூளை கட்டுப்பாடில்லாமல் வீங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அரிதாக நடப்பதுதான். ஆனால், நடப்பதெல்லாம் பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதைத் தொடும் வயதிலும் இருக்கிற பிள்ளைகளுக்கே.

ரோவனின் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. 2015-ல் நடந்த மரண விசாரணை 49 பரிந்துரைகளைக் கொடுத்தது. 2018-ல் ஒன்டாரியோ மாகாணத்தில் அவள் பெயரிலேயே 'ரோவன் சட்டம்' வந்தது. அதன்படி, கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே விளையாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லாமல் மறுபடி சேர்க்கக் கூடாது. ஆடுகிற பிள்ளைகளும் பெற்றோரும் கோச்சுகளும் கன்கஷன் பற்றிய குறிப்புகளை ஒவ்வொரு வருடமும் படித்துவிட்டேன் என்று உறுதி தர வேண்டும்.

அந்தப் பெண் முட்டாளல்ல என்பதுதான் இதில் என்னை அதிகம் உறுத்தும் விஷயம். அவளுக்குத் தெரிந்திருந்தது, தேடிப் படித்தும் இருந்தாள். தெரிந்தும் ஆடினாள். தகவல் கொடுத்தால் பிள்ளைகள் சரியான முடிவை எடுத்துவிடுவார்கள் என்று நாம் நம்புவது எவ்வளவு பெரிய சுமையை அவர்கள் தலையில் வைக்கிறது!

எத்தனை முறை என்பது கணக்கல்ல

'மூன்று முறை அடிபட்டால் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும்' என்ற கணக்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ரொம்ப காலம் புழக்கத்தில் இருந்தது. சுலபமான விதி. ஆனால், அந்த மூன்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இன்று விளையாட்டு மருத்துவர்கள் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. பத்து வருட இடைவெளியில் இரண்டு அடி பட்டு, இரண்டு முறையும் பத்து நாளில் தேறிய பிள்ளையும், ஒரே சீசனில் இரண்டு அடி பட்டு மூன்று மாதமாகத் தலைவலியோடு இருக்கும் பிள்ளையும் ஒன்றல்ல. இருவருக்கும் எண்ணிக்கை இரண்டுதான்.

டாக்டர்கள் பார்ப்பது போக்கை. முன்பு பலமான அடிக்கு வந்த அறிகுறிகள் இப்போது லேசான இடிக்கே வருகின்றனவா? முன்பு இரண்டு வாரத்தில் சரியானது, இப்போது இரண்டு மாதம் இழுக்கிறதா? இரண்டு அடிகளுக்கு நடுவில் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா? இதற்கெல்லாம் 'ஆமாம்' என்றால், எண்ணிக்கை இரண்டாக இருந்தாலும் நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. மைக்ரேன், மனப்பதற்றம், கவனக்குறைவு போன்றவை ஏற்கெனவே இருந்தால் தேறுவதற்கு அதிக நாளாகலாம் என்பதால் அதையும் கேட்பார்கள். பெரியவர்கள் சாதாரணமாக இரண்டு வாரத்துக்குள் தேறிவிட, பிள்ளைகளுக்கு நான்கு வாரம்கூட ஆகலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கன்கஷன் ஆனவருக்கு மறுபடி ஆகும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம்.

புகோவ்ஸ்கியின் வரலாற்றில் இந்தப் போக்கைப் பார்க்கலாம். 2020 டிசம்பர் தொடக்கத்தில் கான்பெரா டி20-யில் மிட்செல் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவருக்குப் பதிலாக வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனாகிவிட, 'இதெல்லாம் நியாயமா' என்று பெரிய சர்ச்சை ஓடியது. நாமும் மீம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். நான்கே நாள் கழித்து, சிட்னியில் இந்தியா ஏ அணிக்கு எதிரான பயிற்சி மேட்ச்சில் கார்த்திக் தியாகியின் பந்து புகோவ்ஸ்கியின் தலையில் பட்டது. அதனால்தான் அவரது டெஸ்ட் அறிமுகம் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. கடைசி அடி 2024 மார்ச், ஹோபார்ட்டில் ரைலி மெரிடித் வீசிய பந்து. அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆகியும் தலைவலி, களைப்பு, இடது பக்கமாக ஏதாவது நடந்தால் தலைசுற்றல், குமட்டல் என்று தன் நிலையை அவரே ரேடியோவில் சொன்னார். முதல் சில மாதங்கள் வீட்டுக்குள் நடமாடுவதே கஷ்டமாக இருந்ததாம்.

மருத்துவக் குழு ஓய்வைப் பரிந்துரைத்துவிட்டதாக 2024 ஆகஸ்ட்டிலேயே செய்தி வந்தது. அவர் வாயிலிருந்து அது வந்தது அடுத்த ஏப்ரலில். விவரம் தெரிந்த 27 வயது ஆளுக்கே அந்த வார்த்தையைச் சொல்ல அத்தனை மாதம் பிடிக்கிறது.

"அம்மா விடலை"

சரி, முடிவை யார் எடுப்பது?

பிள்ளையிடம் கேட்டால் பதில் தெரிந்ததுதான். "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்." டீமை நட்டாற்றில் விட்டவன் என்ற பேர் வரக் கூடாது. அடுத்த வாரம் டிஸ்ட்ரிக்ட் செலக்‌ஷன் வேறு இருக்கும். நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கபடியோ ஃபுட்பாலோ, பல வீடுகளில் அது பொழுதுபோக்கு மட்டுமல்ல. காலேஜ் சீட், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. ரெய்டுக்குப் போன பையனின் தலை எதிராளியின் முழங்காலில் மோதினால், தண்ணீர் தெளித்து, முகத்தைத் துடைத்து, 'ஒண்ணுமில்ல, ஆடு' என்று உள்ளே அனுப்புவதை எத்தனை டோர்னமென்ட்டில் பார்த்திருக்கிறோம்.

மறைப்பது சின்னப் பிள்ளைகள் மட்டுமில்லை. அமெரிக்க ஃபுட்பால் வீரர் கிறிஸ் போர்லாண்ட், முதல் சீசனின் பயிற்சி முகாமில் தலையில் அடிபட்டும் அணியில் இடம்பிடிக்க வேண்டும் என்பதற்காக வெளியில் சொல்லாமல் தொடர்ந்து ஆடினார். அந்த சீசனில் நன்றாக ஆடிப் பேரும் வாங்கினார். பிறகு அதையே யோசித்து யோசித்து, தலையில் தொடர்ந்து அடி வாங்கிய பழைய வீரர்களின் மூளை பற்றிய ஆய்வுகளைப் படித்து, 2015-ல் 24 வயதில் விலகினார். ஒப்பந்தத்துக்காக வாங்கிய முன்பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு ஆராய்ச்சியைத் தேடிப் படிக்கும் வயதும் இருந்தது, விலகினால் கையில் ஒரு காலேஜ் டிகிரியும் இருந்தது. 14 வயதுப் பையனிடம் இரண்டும் இல்லை.

போர்லாண்டைப் பயமுறுத்திய நோய்க்கு சி.டி.இ என்று பெயர். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவதோடு தொடர்புடைய மூளைத் தேய்மானம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ஃபுட்பால் தொழில்முறை லீக்கில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110-ல் அது இருந்தது. இதை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகள் அவை. எல்லா வீரர்களுக்கும் இப்படித்தான் ஆகும் என்று அதற்கு அர்த்தமில்லை. இறந்த பிறகுதான் இந்த நோயை உறுதிசெய்ய முடிகிறது என்பதால், உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு 'வரும், வராது' என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் 18 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை விஷயத்தில் என் கருத்து இது. மருத்துவத் தீர்ப்பு டாக்டருடையது. அதற்குப் பிறகு 'வேண்டாம்' என்று சொல்லும் வேலை பெற்றோருடையது. பிள்ளையிடம் எல்லாவற்றையும் விளக்க வேண்டும், அவன் பேச்சை முழுசாகக் கேட்க வேண்டும். ஆனால், கையெழுத்தை அவனிடம் கேட்கக் கூடாது. அவன் எதை வைத்து முடிவெடுக்க வேண்டுமோ, அந்த மூளையில்தானே அடிபட்டிருக்கிறது!

இதில் பிள்ளைக்கு ஒரு லாபமும் இருக்கிறது. 'நான் நிறுத்திட்டேன்' என்று டீமிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருக்கும். 'எங்கம்மா விடலைடா, நான் என்ன பண்றது' என்று சொல்வது சுலபம். அவன் உங்களைத் திட்டட்டும், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளும் வயது உங்களுடையது. கோச் பாராட்டுகிற வாயால் "ஒரே ஒரு மேட்ச்தான் சார்" என்று கேட்டால், அதற்கும் உங்கள் பெயரிலேயே பதில் போகட்டும்.

நிறுத்துவதிலும் பல வகை

நிறுத்துவது என்றவுடன் ஆயுளுக்கும் மூட்டை கட்டுவது என்று நினைத்துவிட வேண்டாம். முதல் அல்லது இரண்டாவது கன்கஷன் என்றால் பெரும்பாலும் திரும்ப வரவே முடியும். நிதானமாக வர வேண்டும், அவ்வளவுதான். அடிபட்ட அன்றைக்கு மறுபடி களமிறங்கவே கூடாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. அந்த நேரத்தில் போனையும் குறைத்துக்கொள்ள வேண்டும். (இந்தக் கட்டுரையைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் அடிபட்டவர்கள் போனை அம்மாவிடம் கொடுத்துவிடவும்.) ஓய்வு என்றால் இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதல்ல, அது பழைய வைத்தியம். லேசான நடை நல்லது என்றே இப்போது சொல்கிறார்கள். பிறகு முதலில் ஸ்கூல், அப்புறம்தான் கிரவுண்ட். மெதுவான ஓட்டம், தனியாகப் பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொந்தரவு அதிகமானால் ஒரு படி பின்னால். மோதல் இருக்கும் பயிற்சிக்குப் போகும் முன் டாக்டரின் சம்மதம். பிரிட்டன் 2023-ல் சாதாரண ஆட்டக்காரர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி, 21 நாள் ஆகாமல் போட்டியில் இறங்கவே கூடாது என்கிறது. ஸ்கூல், கிளப் அளவில் ஆடும் நம் பிள்ளைகளுக்கும் அந்த 21 நாள் கணக்கு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு, கை கால் மரத்துப்போவது, கழுத்துவலி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடிகள் தொடர்ந்து, போக்கும் மோசமாக இருந்தால் ஒரு சீசன் முழுக்க ஓய்வு என்பது ஒரு வழி. மோதல் இல்லாத விளையாட்டுக்கு மாறுவது இன்னொன்று. ஓட்டம், பாட்மின்டன், டேபிள் டென்னிஸ் என்று நிறைய இருக்கின்றன. ஃபுட்பாலில் ஊறிய பிள்ளைக்கு டேபிள் டென்னிஸ் ஈடாகுமா என்றால், ஆகாது. அந்தத் துக்கத்தைத் 'தூக்கிப்போடு, படிப்பைப் பாரு' என்று ஒரே வரியில் அடக்கிவிட முடியாது. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடிய பிள்ளைக்குத் திடீரென்று அந்தக் காலை நேரத்தில் செய்ய எதுவும் இல்லாமல் போகிறது. சாயங்காலம் நண்பர்கள் எல்லாம் கிரவுண்டில் இருக்கிறார்கள். கன்கஷனே மனச்சோர்வைத் தரக்கூடியது, அதோடு இதுவும் சேர்ந்தால் கவனிக்க வேண்டும். ஆடாவிட்டாலும் டீமோடு இருக்க வழி இருக்கிறதா என்று கோச்சிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்கோர் எழுதலாம், வீடியோ எடுக்கலாம், ஜூனியர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

புகோவ்ஸ்கி அப்படித்தான் செய்தார். பேட்டைக் கீழே வைத்தவர் கிரிக்கெட்டை விட்டுப் போய்விடவில்லை. கமென்ட்ரி பேசினார். பிறகு மெல்போர்ன் கிரிக்கெட் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.